தகவல் முறைமையை உருவாக்கும் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறவர்களும், முதல் வேலையில் சேர்ந்து ஒரு முறைமையைக் கட்டத் தொடங்கியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பரீட்சைக்கு வேண்டிய வரைவிலக்கணங்கள் பாடநூலிலேயே இருக்கின்றன. அந்த மாதிரிகள் உண்மையான இடங்களில் எப்படி நடந்துகொண்டன என்பதற்குத்தான் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தகவல் முறைமை என்றால் மென்பொருள்தானே?

இல்லை. மென்பொருள் அதன் ஒரு பகுதி. ஆட்கள், தரவு, நடைமுறைகள், கருவிகள் எல்லாம் சேர்ந்ததுதான் தகவல் முறைமை. கணினியே இல்லாமலும் அது இருக்கலாம்.

1990களின் தொடக்கத்தில் லண்டன் அம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டறை இயங்கிய விதத்தைப் பாருங்கள். அவசர அழைப்பு வந்ததும் ஒருவர் அச்சடித்த படிவத்தில் விவரத்தை எழுதுவார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தின் குறியீட்டைக் கண்டுபிடித்துக் குறிப்பார். படிவம் ஒரு ஓடும் பட்டியில் ஏறி அறையின் ஓரிடத்தில் போய்ச் சேரும். அங்கே இருப்பவர் அதைப் படித்து, நகரின் எந்தப் பிரிவுக்குரியது என்று பார்த்து, அந்தப் பிரிவின் ஒதுக்கீட்டாளரிடம் கொடுப்பார். ஒரே விபத்துக்கு இரண்டு பேர் அழைத்திருந்தால் இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும். ஒதுக்கீட்டாளர் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்வார். பிறகு தொலைபேசியிலோ வானொலியிலோ அந்த வண்டிக்குச் செய்தி போகும். இவ்வளவும் 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது இலக்கு.

இது முழுமையான தகவல் முறைமை. உள்ளீடு, செயற்பாடு, சேமிப்பு, வெளியீடு எல்லாம் இருக்கின்றன. படிவத்தில் எழுதப்படாத ஒன்றும் இருக்கிறது. “இந்த வீதியிலிருந்து இப்போதுதானே ஒரு அழைப்பு வந்தது” என்று ஒருவருக்கு ஞாபகம் வருகிறதே, அதுவும் முறைமையின் பகுதிதான். புதிய முறைமை கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

அணுகுமுறை, மாதிரி, முறையியல்: இவை மூன்றும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. பிரித்துச் சொன்னால், அணுகுமுறை என்பது அடிப்படைப் பார்வை. முழுவதையும் முன்கூட்டியே திட்டமிடுவதா, சிறிது சிறிதாகக் கட்டித் திருத்துவதா என்பது அணுகுமுறைக் கேள்வி. மாதிரி என்பது கட்டங்களின் ஒழுங்கு: நீர்வீழ்ச்சி, சுருளி போன்றவை. முறையியல் என்றால் யார், எப்போது, என்ன ஆவணத்தை எந்த உத்தியால் தயாரிப்பது என்பதுவரை சொல்லும் முழு விதித்தொகுப்பு.

எந்த முறையானாலும் பொதுவாக வரும் கட்டங்கள் எவை?

சிக்கலை அடையாளம் காணல், சாத்தியவள ஆய்வு (கட்டுவது இயலுமா, தகுமா என்று பார்ப்பது), தேவைகளைப் பகுப்பாய்தல், வடிவமைப்பு, குறிமுறை எழுதுதல், சோதித்தல், நிறுவுதல், பராமரித்தல். முறைமை விருத்தி வாழ்க்கை வட்டம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். முறைகளுக்கிடையிலான வேறுபாடு இந்த வேலைகள் எத்தனை தடவை, எவ்வளவு பெரிய துண்டுகளாக, யார் முன்னிலையில் நடக்கின்றன என்பதில் இருக்கிறது. அஜைல் முறையில், அதாவது சிறு சிறு சுற்றுகளாகக் கட்டித் திருத்தும் முறையில், வேலை செய்யும் குழுவும் வடிவமைக்கிறது, சோதிக்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு தடவை செய்வதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்கிறது, அவ்வளவுதான்.

சாத்தியவள ஆய்வு வெறும் சம்பிரதாயமா?

பல இடங்களில் அப்படி ஆக்கிவிட்டார்கள். முடிவை எடுத்த பிறகு எழுதப்படும் சாத்தியவள அறிக்கையால் பயன் இல்லை. தொழினுட்பம், பொருளாதாரம், சட்டம், காலம் என்று பல கோணங்களில் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு இவற்றுள் முக்கியமாகத் தெரிவது செயற்பாட்டுச் சாத்தியம். கட்டி முடித்தால் அங்கே வேலை செய்கிற மனிதர்கள் அதைப் பாவிப்பார்களா, பாவிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறதா, மின்சாரமும் இணைப்பும் இல்லாத மணித்தியாலங்களில் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். “வேண்டாம், இப்போதைக்குக் கொப்பியே போதும்” என்று முடிவு வந்தாலும் அது நல்ல ஆய்வுதான்.

நீர்வீழ்ச்சி மாதிரி காலாவதியாகிவிட்டதா?

முதலில் அதன் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். 1970இல் வின்ஸ்டன் ரோய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பெரிய மென்பொருள்களைக் கட்டுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது என்று படி இறங்கும் வரைபடம் அதில் இருக்கிறது. நீர்வீழ்ச்சி என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. பிற்பாடு மற்றவர்கள் வைத்தது. அந்த வரைபடத்தைப் போட்ட கையோடு, இதை அப்படியே செயற்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று ரோய்ஸ் எழுதினார். காரணமும் சொன்னார்: சோதனை கடைசியில் வருகிறது. அங்கே கோளாறு தெரிந்தால் வடிவமைப்புவரை, சில வேளை தேவைகள்வரை திரும்பிப் போக வேண்டியிருக்கும். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் முதலில் சிறிய அளவில் ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவதாகக் கட்டுவதையே வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்பது அவருடைய ஆலோசனைகளில் ஒன்று. வரைபடம் உலகெங்கும் பரவியது. ஆலோசனைகள் அந்த அளவுக்குப் பரவவில்லை.

இன்றைக்கும் நீர்வீழ்ச்சி பொருந்தும் இடங்கள் உண்டு. தேவைகள் சட்டத்தாலோ தரநிலையாலோ உறுதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்; அதே மாதிரி முறைமையை அந்தக் குழு முன்பும் கட்டியிருக்க வேண்டும்; நடுவில் எதுவும் மாறாது என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. அமைந்தால் அதுதான் எளிய வழி.

கட்டத் தவறிய முறைமைக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா?

மேலே சொன்ன லண்டன் அம்புலன்ஸ் கட்டுப்பாட்டறையையே எடுத்துக்கொள்வோம். தகவல் முறைமை படிக்கிற எவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். விசாரணைக் குழுவின் அறிக்கை 1993 பெப்ரவரியில் வெளியானது. என்ன நடந்தது என்பது அதில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

கணினிமயமாக்கும் முதல் முயற்சி 75 இலட்சம் பவுண் செலவான பிறகு 1990இல் கைவிடப்பட்டது. அடுத்த முயற்சியில் இலக்கு பெரிதானது: அழைப்பைப் பதிவதிலிருந்து வண்டியைத் தெரிவது வரை கணினியே செய்ய வேண்டும். ஒப்பந்தத்தை வென்ற கூட்டு மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலை கேட்டிருந்தது. இந்த அளவு அவசரகால முறைமை ஒன்றைக் கட்டிய அனுபவம் மென்பொருள் எழுதிய நிறுவனத்துக்கு இல்லை. 1992 ஜனவரி 8இல் முழுவதும் இயங்க வேண்டும் என்று நாளும் குறித்தாயிற்று. அந்தத் திகதி பேச்சுக்கே இடமில்லாதது என்று சொல்லப்பட்டது. திகதி வந்து போனது, முறைமை தயாராகவில்லை. துண்டு துண்டாக இயக்கிப் பார்த்துக்கொண்டே மாதங்கள் போயின.

1992 ஒக்டோபர் 26, திங்கட்கிழமை. அன்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். மூன்று பிரிவுகளாக இருந்த கட்டுப்பாடு ஒன்றாக்கப்பட்டது. அறையின் இருக்கை ஒழுங்கு மாறியது. பக்கத்தில் இருந்து பழகிய ஆட்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். காகிதப் படிவங்கள் அகற்றப்பட்டன. பதிவாகித் தீர்க்கப்படாத பிரச்சினைகள் 81 இருந்தன. முழுச் சுமையில் முறைமை சோதிக்கப்பட்டிருக்கவில்லை.

அதன்பின் நடந்தது ஒரு சங்கிலி. வண்டிகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பது கணினிக்குச் சரியாகத் தெரிந்தால்தான் அது சரியான வண்டியைத் தெரிவுசெய்யும். வானொலித் தொடர்பு விடுபட்ட இடங்கள் இருந்தன. ஊழியர்கள் வண்டியிலிருந்த கருவியில் பொத்தான்களை வரிசைப்படி அழுத்தாத தருணங்களும் இருந்தன. ஆகவே கணினியின் கணக்கும் வீதியில் இருந்த நிலையும் வேறுபட்டன. தவறான வண்டி போனது, அல்லது ஒரே இடத்துக்கு இரண்டு போயின. கணினி ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் எச்சரிக்கைச் செய்தி போட்டது. செய்திகள் குவிந்து, பழையவை திரையின் மேற்பக்கத்தால் ஓடி மறைந்தன. வண்டி வராதவர்கள் மறுபடியும் அழைத்தார்கள். அழைப்பு கூடக் கூட முறைமை மெதுவானது. மெதுவானதால் இன்னும் அழைப்புகள்.

மறுநாள் பிற்பகல் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலை முறைமை உறைந்து நின்றது. முந்திய திருத்தம் ஒன்றின்போது நீக்காமல் விடப்பட்ட சிறு குறிமுறைத் துண்டு, சேவையகத்தின் நினைவகத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டு விடாமல் வைத்திருந்தது. மூன்று வாரத்தில் நினைவகம் தீர்ந்தது. மாற்றுச் சேவையகமும் கைகொடுக்கவில்லை. மறுபடியும் காகிதம்தான்.

அப்படியானால் அது நிரலாளரின் பிழையா?

நவம்பர் 4இல் நடந்ததற்கு, ஆம். ஒக்டோபர் 26இல் நடந்ததற்கு இல்லை. அன்று மென்பொருள் பெரும்பாலும் தனக்குச் சொல்லப்பட்டபடிதான் இயங்கியது. வீதியிலிருந்து வரும் தரவு எப்போதும் சரியாகவே இருக்கும் என்ற எடுகோளின்மீது முழு வடிவமைப்பும் நின்றது. அந்த எடுகோள் தவறு என்று அம்புலன்ஸ் ஊழியர் எவரையும் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே நம்பிக்கை குலைந்திருந்த காலம் அது. கேட்கவேண்டியவர்களைப் போதிய அளவுக்குக் கேட்கவில்லை. திட்ட முகாமைக்கென்று பெயர்பெற்ற முறையியல் ஒன்று ஆவணத்தில் குறிப்பிடப்பட்டிருந்தது. அதை நடத்திப் பழகியவர்கள் இருக்கவில்லை.

பிறகு அதே கட்டுப்பாட்டறை கணினிமயமாகி வெற்றியும் கண்டது. இரண்டாம் பாதியை நிறையப் பேர் படிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். இந்த முறை சேவைக்குள்ளேயே ஒரு குழு அமைந்தது. முதலில் அழைப்பைப் பதிவது மட்டும். அது நிலைத்த பிறகு அடுத்த பகுதி. மூலவகைகளை, அதாவது முறைமையின் முன்னோட்ட வடிவங்களை (prototype), கட்டுப்பாட்டறை ஊழியர்களிடம் காட்டித் திருத்தினார்கள். நிலையாகும்வரை காகிதம் பக்கத்திலேயே இருந்தது. புதிய முறைமை 1996 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. 1997இல் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் விருதும் கிடைத்தது. நகரமும் வேலையும் அதேதான். கட்டிய விதம் மாறியிருந்தது.

சுருளி மாதிரியில் அப்படி என்ன விசேடம்?

பாரி போம் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் இதை 1980களின் நடுப்பகுதியில் முன்வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலைகள்: குறிக்கோள்களைத் தீர்மானி, ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறை, அந்தச் சுற்றுக்குரியதைக் கட்டிச் சரிபார், அடுத்த சுற்றைத் திட்டமிடு. மாணவர்கள் நத்தை வடிவ வரைபடத்தை மனப்பாடம் செய்து, உள்ளே இருக்கிற விடயத்தை விட்டுவிடுகிறார்கள். எது நம்மைக் கவிழ்க்கக்கூடுமோ அதை முதலில் செய் என்பதே விடயம். லண்டனில் சுருளியைப் பின்பற்றியிருந்தால், முதற் சுற்றிலேயே நான்கைந்து வண்டிகளில் கருவியைப் பொருத்தி, வீதியில் இருப்பிடத் தரவு எவ்வளவு நம்பகமாக வருகிறது என்று பார்த்திருப்பார்கள். திரை வடிவமைப்பெல்லாம் அதற்குப் பிறகு.

சிறிய செயற்றிட்டத்துக்கு முழுச் சுருளி பாரமானது. ஆபத்தை மதிப்பிடத் தெரிந்த அனுபவசாலியும் வேண்டும்.

மூலவகை செய்தால் நேரம் வீண்தானே?

தூக்கியெறியும் மூலவகை ஒன்று, வளர்த்தெடுக்கும் மூலவகை ஒன்று என்று இரண்டு வகை. முதலாவது, கேள்விக்கு விடை கிடைத்ததும் வேலை முடிந்துவிடும். இரண்டாவது, படிப்படியாக உண்மையான முறைமையாக மாறும். எது எது என்று ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். தூக்கியெறிவதற்கென்று அவசரமாக எழுதியதை மேலதிகாரி பார்த்து, “இதுவே நல்லாயிருக்கே, திங்கட்கிழமை தொடங்குவோம்” என்று சொன்னால் பிற்பாடு பாதுகாப்பும் காப்புப்பிரதியும் இல்லாத ஒன்றைப் பராமரித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூலவகைக்குக் கணினியே தேவையில்லை. 1981 முதல் 1985 வரை ஸ்கண்டினேவிய நாடுகளில் உடோப்பியா என்று ஒரு செயற்றிட்டம் நடந்தது. பத்திரிகை அச்சகங்களுக்குக் கணினி வரப்போகிற காலம். ஆய்வாளர்களும் அச்சுத் தொழிலாளர்களும் சேர்ந்து, அட்டைப் பெட்டிகளையும் காகிதத் திரைகளையும் வைத்து வேலை செய்து பார்த்தார்கள். வெறும் பெட்டியொன்று லேசர் அச்சுப்பொறியாக நின்றது. தொழிலாளி பக்கம் அமைப்பதுபோல் செய்து காட்டும்போது எங்கே கை தடுக்கிறது, எந்த விவரம் கண்ணுக்குத் தேவை என்பது தெரிந்தது. பெட்டியை நகர்த்துவதற்குச் செலவு இல்லை. மென்பொருள் படம் ஒன்றைப் பார்த்தால் வாய்மூடி இருப்பவர்கள்கூட அட்டைப் பெட்டியைத் தாங்களே எடுத்து மாற்றி வைப்பார்கள்.

எஸ்.எஸ்.ஏ.டி.எம். என்ற கட்டமைப்பு முறையியலை இன்றைக்கும் ஏன் படிக்க வேண்டும்?

இதன் முழுப்பெயர் Structured Systems Analysis and Design Method. பிரித்தானிய அரசாங்கத்துக்காக 1980களின் தொடக்கத்தில் உருவானது. 1983 முதல் அரச கணினிச் செயற்றிட்டங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. முழு முறையியலை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இன்றைக்கு அரிது. ஆவணச் சுமை அதிகம். ஆனால் அதன் அடிப்படை எண்ணம் உயிரோடு இருக்கிறது. ஒரே முறைமையை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது: தரவு எங்கிருந்து எங்கே போகிறது, தரவுகளுக்கிடையே உறவு என்ன, ஒவ்வொரு பொருளும் காலப்போக்கில் எப்படி மாறுகிறது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு நூலகப் புத்தகத்தை எடுங்கள். வாங்கப்படுகிறது, பதிவாகிறது, இரவல் போகிறது, திரும்புகிறது, கிழிகிறது, பைண்டிங்குக்குப் போகிறது, தொலைகிறது, சில வேளை தொலைந்தது கிடைக்கிறது. தொலைந்தது என்று பதிவாகி, தண்டமும் கட்டிய பிறகு கிடைத்தால் என்ன செய்வது? தரவுப் பாய்ச்சல் வரைபடத்தில் இந்தக் கேள்வி எழாது. பொருளின் வாழ்க்கையை வரைந்தால் தானாக எழும்.

அஜைல் என்றால் திட்டமும் ஆவணமும் இல்லாமல் வேலை செய்வதா?

இல்லை. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி ஒரு சிறு பிரகடனம் எழுதினார்கள். நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான ஊடாட்டமும், விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதும், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு இசைவதும் பெறுமதியானவை என்றார்கள். மற்றப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பெறுமதி உண்டு என்றும் அதே மூச்சில் எழுதினார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

ஸ்க்ரம் என்பது அஜைல் முறைகளுள் பரவலானது. பிரகடனத்துக்கு முன்பே, 1995இல், கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் அதை முன்வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று, தினமும் 15 நிமிடச் சந்திப்பு, ஸ்பிரிண்ட் முடிவில் இயங்கும் ஒன்றைக் காட்டுதல், பிறகு நம் வேலை முறையை நாமே பரிசீலித்தல். தினச் சந்திப்பை மட்டும் வைத்துக்கொண்டு, முடிவில் உண்மையான பாவனையாளருக்கு எதையும் காட்டாத குழுக்கள் நிறைய. அங்கே ஸ்க்ரமின் பெயர் இருக்கிறது, அது தரவேண்டிய பயன் இல்லை.

அரச நிறுவனங்களில், நிலையான விலை ஒப்பந்தத்தில், அஜைல் சரிவருமா?

கடினம், ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்ற புலனாய்வு அமைப்பு வழக்குக் கோப்புகளை மின்னணு வடிவாக்க முயன்று, சுமார் 17 கோடி டொலர் செலவான பிறகு 2005இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. அடுத்து வந்த சென்டினல் என்ற செயற்றிட்டம் 2006இல் பெரிய கட்டங்களாகத் தொடங்கிப் பின்தங்கியது. 2010இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் கையில் எடுத்தது. குழுவைச் சிறிதாக்கி, இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக வேலை செய்தது. 2012 ஜூலையில் ஊழியர்கள் எல்லோருக்கும் முறைமை போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது உரிமை கைமாறியதை. எதை முதலில் கட்டுவது என்று தினமும் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார். ஒப்பந்தத்தில் “அஜைல்” என்று எழுதி, முடிவெடுக்கிறவர் மாதம் ஒருமுறை கூடும் குழுவாக இருந்தால் ஸ்பிரிண்டுக்குப் பொருளே இல்லை.

பாவனையாளர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எங்கிருந்து வந்த எண்ணம் இது?

1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கிறிஸ்டன் நைகார்ட் வேலை செய்தார். சிமுலா என்ற நிரலாக்க மொழியை உருவாக்கிய இருவரில் அவர் ஒருவர். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வேர் அங்கேதான். தொழிற்சாலைக்கு வரும் கணினி முறைமைகள் தங்கள் வேலையை எப்படி மாற்றும் என்பதில் தொழிலாளருக்கும் குரல் இருக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. உடோப்பியாவும் இந்த மரபில் வந்ததுதான். இங்கிலாந்தில் ஈனிட் மம்ஃபோர்ட், பீட்டர் செக்லண்ட் போன்ற ஆய்வாளர்களும் வேறு வழிகளில் இதே கவலையோடு எழுதினார்கள்.

இந்த மரபு இலங்கைவரை வந்திருக்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாபிரிக்காவில், 1990களின் நடுவில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள் உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களோடு சேர்ந்து மாவட்ட மட்டத் தரவு முறைமையொன்றைக் கட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருள். இலங்கையின் சுகாதாரத் துறையும் அதைப் பாவிக்கிறது. 2020 ஜனவரியில் கொரோனா அச்சம் தொடங்கியபோது, நாட்டுக்குள் வருகிறவர்களைப் பதிந்து பின்தொடரும் முறைமையை இங்குள்ள குழு டி.எச்.ஐ.எஸ்.2இன் மேல் மிகக் குறுகிய காலத்தில் அமைத்தது. அந்த அமைப்பை மற்ற நாடுகளும் எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. நோர்வேயின் உள்ளூராட்சி மன்றங்களும் பின்னர் இலங்கையைப் பார்த்து அதே மென்பொருளில் தொற்றுத் தொடர்புகளைத் தேடும் முறைமையை அமைத்தன.

வேகமாக முடிந்ததற்குக் காரணம் வெறும் நிரல் எழுதும் திறமை அல்ல. மென்பொருளையும் சுகாதாரத் துறையையும் ஒருங்கே அறிந்த மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

தேவைகளைச் சேகரிக்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

கேட்பதற்கு முன் பாருங்கள். நேர்காணல், வினாக்கொத்து, ஆவணப் பரிசீலனை, அவதானம் என்று பாடத்தில் வரிசையாக வரும். அவதானத்தை முதலில் வையுங்கள்.

ஒரு நீரிழிவுக் கிளினிக்கின் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எழுத்தில் இருந்த விதி: வந்த ஒழுங்கில் இலக்கம். மேசையில் இருந்த அக்கா செய்தது வேறு. கிளினிக் கொப்பிகளை இரண்டு அடுக்காக வைத்திருந்தார். பகல் பஸ்ஸைத் தவறவிட்டால் பின்னேரம்வரை காத்திருக்க வேண்டிய கிராமத்துக்காரர்களின் கொப்பிகள் ஓர் அடுக்கு; அவற்றை நடுநடுவே முன்னுக்குச் செருகினார். ஒரே பெயரில் இரண்டு ஐயாமார் வந்தபோது ஊர்ப் பெயரைச் சொல்லி ஆளைப் பிரித்தார். தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் பலருடையது பக்கத்து வீட்டு இலக்கம்.

“இங்கே இலக்கம் எப்படிக் கொடுக்கிறீர்கள், அக்கா?” என்று கேட்டால் “வந்த ஒழுங்கில்தான் தம்பி” என்றுதான் சொல்லியிருப்பார். அதை எழுதிக்கொண்டு போய்க் கட்டினால் முதல் வாரத்திலேயே மேசையில் சண்டை. தொலைபேசி இலக்கத்தை ஆளுக்கு ஒன்று என்று தரவுத்தளத்தில் கட்டாயப்படுத்தினால் பதிவே நின்றுபோகும்.

தொழிற்பாடு சாராத் தேவைகளையும் அங்கேயே எழுதுங்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில், எவ்வளவு வேகத்தில், மின்சாரம் போனால் என்ன, யார் எதைப் பார்க்கலாம் என்பவை எல்லாம் அதில் அடங்கும்.

கட்டுவதா, வாங்குவதா?

சம்பளம், கணக்கு, இருப்பு போன்ற எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வேலைகளுக்கு வாங்குங்கள், அல்லது திறந்த மூலத்தில் தேடுங்கள். உங்கள் நிறுவனத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் வேலைக்கு மட்டும் கட்டுங்கள். வாங்கிய பொதியை உங்கள் பழக்கத்துக்காக அளவுக்கு மீறி மாற்றினால், அடுத்த பதிப்பு வரும்போது வாங்கும் செலவும் கட்டும் செலவும் உங்கள் தலையில் விழும்.

பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதில் எந்த முறை நல்லது?

நேரடி (ஒரேயடியாக மாறுவது), சமாந்தரம் (பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது), முன்னோடி (முதலில் ஓரிடத்தில் மட்டும்), கட்டம் கட்டமானது (பகுதி பகுதியாக) என்று நான்கு. பிரித்தானியாவின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் 50 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் பெரும்பாலும் நேரடியாகப் புதிய தளத்துக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்தது. தளம் சுமையைத் தாங்கவில்லை. இலட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் வங்கிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 4 கோடியே 86.5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தன.

பெரிய முறைமைக்கு முன்னோடியும் கட்டமுறையும் சேர்ந்த வழி பாதுகாப்பானது: ஒரு கிளையில் தொடங்கு, பார், அடுத்ததற்குப் போ. சமாந்தரம் என்றால் ஊழியர் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும். மேலதிக ஆள் தராமல் அதைக் கேட்டால், ஒரு பக்கத்தை அவசரத்தில் நிரப்புவார்கள், ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. எந்த முறையானாலும் பின்வாங்கும் வழியை எழுதி, ஒரு தடவை ஒத்திகையும் பாருங்கள்.

செயற்றிட்டம் பின்தங்கினால் ஆட்களைக் கூட்டலாமா?

ஐ.பி.எம்.மில் பெரிய இயக்க முறைமையொன்றை முகாமை செய்த பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆளைக் கூட்டினால் இன்னும் பிந்தும். புதியவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், தொடர்பு வழிகளும் பெருகும். வேலையைக் குறைப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி. எதைக் குறைப்பது என்பதை நிரலாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது.

எங்கள் பாடசாலை அல்லது பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்கு எந்த மாதிரியைத் தெரிவது?

உங்களுக்குத் தெரியாதது எது என்று எழுதிப் பாருங்கள். தேவை தெளிவாக இல்லையென்றால் மூலவகை. தொழினுட்பம் புதியதென்றால் அந்தப் பகுதியைச் சுருளி சொல்வதுபோல் முதல் வாரத்திலேயே சோதியுங்கள். இரண்டும் தெரியுமென்றால் நீர்வீழ்ச்சியே போதும். பாவனையாளரை வாரம் ஒருமுறை சந்திக்க முடியுமென்றால் சிறு ஸ்பிரிண்டுகள் வையுங்கள். அவர் மூன்று மாதத்தில் ஒரு தடவைதான் கிடைப்பார் என்றால் அஜைல் என்று எழுதாதீர்கள், பரீட்சகர் முதலில் கேட்பதே “பாவனையாளர் என்ன சொன்னார்?” என்பதாகத்தான் இருக்கும். நூலக முறைமை கட்டுகிறீர்களென்றால் நூலகரின் மேசையில், அவருடைய கணினியில், அவர் கையால் ஐந்து புத்தகங்களை இரவல் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, அவர் தயங்குகிற ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அப்படியே அறிக்கையின் பின்னிணைப்பில் சேருங்கள்.